குளிர் அறைக் கதவைச் சாத்தியது யார்

1

இந்தக் காலத்தில் ஆட்கள் காசு கொடுத்துக் குளிரில் நடுங்குகிறார்கள். யாரோ சொன்னதல்ல, கண்ணால் பார்த்தேன். கடலைப் பார்த்த ஓட்டல். மொத்தமே பதினோரு அறை. கீழ்த்தளத்தில் உடம்பு பிடித்துவிடுவதற்கென்று ஒரு பகுதி, அதற்கு ஸ்பா என்று பெயர். அங்கே ஒரு தொட்டி நிறைய ஐஸ் தண்ணீர். நல்ல உத்தியோகத்தில் இருக்கிற ஒரு மனிதர் கழுத்துவரை அதில் உட்கார்ந்திருக்கிறார், பல் தந்தியடிக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரு நிமிஷம் என்கிறாள். எழுந்து வந்ததும் அவளுக்கு நன்றி வேறு சொல்கிறார். இதே கட்டடத்தில் இதே குளிருக்கு எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டல் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 'முன்பு இது ஐஸ் பேக்டரி. அலைகளின் தாலாட்டில் உழைப்பாளிகள் இங்கே பனிக்கட்டிகளை அன்போடு வடித்தார்கள்.' அன்போடு! நான் இங்கே இருபத்தேழு வருஷம் தோளில் சாக்கைப் போட்டு ஐஸ் பார் தூக்கினவன். மேனேஜரம்மாவைக் கூப்பிட்டு, இது சுத்தப் பொய் என்றேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், ஒரு கட்டுக் காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்து, நிஜத்தை நீங்களே எழுதுங்கள், பலகையை மாற்றிவிடுகிறோம் என்றாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி. எழுது என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாது என்பது என் அனுபவம். கையெழுத்துப் போடு என்பார்கள், பிறகு பார்த்தால் வீடு போயிருக்கும். ஆனாலும் பேனா நன்றாக ஓடுகிறது.

2

தொடக்கங்கள்.

'கடல் நீலமாக இருந்தது.' (அடித்துவிட்டேன். கடல் வேறு எப்படி இருக்கும்?)

'நான் பிறந்தது' (இதுவும் வேண்டாம். பிறந்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?)

'நான் சொல்வதெல்லாம் உண்மை.' (இப்படித் தொடங்குகிறவனை நானே நம்பமாட்டேன்.)

'நான்' என்று எழுத உட்கார்ந்தாலே கை தனக்குச் சாதகமாகச் சாய்கிறது. அதனால் கதையில் வருகிறவரை ஐஸ்காரர் என்று கூப்பிடப் போகிறேன். ஆள் நான்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வசதியாக இருக்கும்.

'ஐஸ்காரரை அவர் மகள் ஏமாற்றி ஓட்டலுக்கு அழைத்து வந்தாள்.' இது நிற்கும்.

3

அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம், ரெண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வாருங்கள் என்றுதான் மகள் சொன்னாள். எந்தக் கட்டடம் என்று சொல்லவில்லை. அடுத்த அறையில் யார் என்றும் சொல்லவில்லை. ஐஸ்காரர் பெட்டியை உள்ளே வைத்து, கட்டில்மேல் துண்டை மடித்து வாத்து மாதிரி செய்து வைத்திருந்ததைப் பார்த்து, துண்டு துடைக்கவா விளையாடவா என்று கேட்டுக்கொண்டே பால்கனிக்குப் போனார். இடுப்பளவு தடுப்புக்கு அந்தப்பக்கம் இன்னொரு பால்கனி. அதில் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, காபி குடித்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஐஸ்காரர் வாத்தைக் கலைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்போதே கிளம்பலாம் என்றார். மச்சான் அடுத்த வாரம் மகனோடு இருக்க வேறு தேசத்துக்குப் போகிறார், இனி வரமாட்டார் என்ற செய்தி அப்போதுதான் வெளியே வந்தது. மனைவி அழவில்லை, கெஞ்சவில்லை. அலமாரியில் புடவையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"பேச வேணாம்னா பேசாதீங்க. அவன் போயிட்டா அப்புறம் யாரோட கோவிச்சுக்குவீங்க?"

ஐஸ்காரர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். கிளம்பவில்லை.

4

முப்பது வருஷத்துக்கு முந்தின சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

பேக்டரியில் ஐஸ் பார்களை அடுக்கி வைக்கக் குளிர் அறை ஒன்று இருந்தது. ஒரு சாண் கனத்தில் கதவு. உள்பக்கம் பிடியே கிடையாது, வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தாழ். கதவுக்குத் தானாகச் சாய்கிற புத்தி உண்டு. அதனால் உள்ளே போகிறவர்கள் அடியில் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் தாழ் மட்டும் கையால் போட்டால்தான் விழும். இது ஐஸ்காரர் முப்பது வருஷமாகச் சொல்லி வருவது.

மச்சான் பதினாலு வயதில் அக்கா வீட்டுக்கு வந்தவர், அங்கேயே வளர்ந்து, அத்தானோடு அதே பேக்டரியில் வேலைக்கும் சேர்ந்தவர். அன்று காலை ஏதோ ஒரு பாரைச் சரியாக அடுக்கவில்லை என்று பேச்சு வந்தது. ஐஸ்காரர் இருபது ஆள் முன்னால், "என் சோத்துல வளர்ந்த உடம்புதானேடா, எங்கிட்டயே நிமிருதா?" என்று கேட்டார். மச்சான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த பாரைத் தூக்கப் போனார்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். ஐஸ்காரர் அடுக்கைச் சரிசெய்ய உள்ளே போனார். கடைசியாக வெளியே போனது மச்சான். கதவுக்கு அண்டையாக ஐஸ்காரர் வைத்திருந்தது ஒரு

(இந்த வரி இப்போது வேண்டாம். பிறகு வருகிறேன்.)

மரக்கட்டை வைத்திருந்தேன், அதை யாரோ உருவிவிட்டார்கள் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொன்னார். கதவு சாத்தி, தாழும் விழுந்திருந்தது. மெஷின் சத்தத்தில் தட்டினது யாருக்கும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம். இடது காலில் இரண்டு விரலுக்கு அன்று போன உணர்ச்சி இன்னும் வரவில்லை. கடைசியில் கதவைத் திறந்தது மச்சான். திறந்தவன்தானே சாத்தியிருப்பான் என்றது ஊர். அவருக்கு வேலை போயிற்று, அக்கா வீடும் போயிற்று. "நான் சாத்தலை அத்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு சரி.*

* ஒரே தடவை சொல்கிறவனை நம்புவதா, நூறு தடவை சொல்கிறவனை நம்புவதா? மச்சானை எழுதும்போது இந்த இடத்தில்தான் பேனா நிற்கிறது. குற்றவாளியாக எழுதினால் முகம் ஒத்து வரவில்லை. யோக்கியனாக எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது.

5

மறுநாள் காலை மகள் முன்பணம் கட்டிய பாவத்துக்காக ஐஸ்காரர் ஸ்பாவுக்குப் போனார். பனியனைக் கழற்றமாட்டேன் என்றார், கழற்றவில்லை. அறைச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்தார். முகத்துக்கு மட்டும் மேஜையில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தரையும், கால் பிடித்துவிடுகிற பெண்ணின் செருப்பும் தெரிந்தன. இரண்டு விரலைத் தொட்டபோது மட்டும் அவருக்குக் கூசவில்லை என்பதை அவள் கவனித்து, எப்படி ஆயிற்று என்று கேட்டாள். பழைய கதை என்றார்.

முடிந்ததும் பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் சாய்ந்திருக்கச் சொன்னாள். ஐஸ்காரர் எழுந்து பார்த்தார். அதே குளிர் அறை. உள்ளே மெத்தை நாற்காலிகள், மஞ்சள் விளக்கு, வெதுவெதுப்பு. கதவு மட்டும் அதே கதவு. பழைய பொருள் என்று மெருகேற்றி வைத்திருந்தார்கள், தாழோடு.

"ஐயா, அடியில இருக்கிற கட்டையைத் தட்டிவிட்டுறாதீங்க. கதவு தானா சாத்திக்கும், தாழும் தானா விழுந்துடும்."

தாழ் தானாக விழாது என்றார் ஐஸ்காரர்.

"நானே மூணு தடவை மாட்டியிருக்கேன், ஐயா."

அவள் சாப்பிடப் போய்விட்டாள். ஐஸ்காரர் அந்தக் கதவின் முன்னால், ஸ்பாவில் மாட்டிவிட்ட துண்டுத் துணிக் கோட்டோடு நின்றார். முப்பது வருஷமாக அவர் ஒரு சாட்சியையும் தேடவில்லை. தேடாமலே ஒருத்தி வந்து சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகிறாள்.

6

(இப்போது அந்த வரியை முடிக்கிறேன். நாலாவது பகுதியில் விட்டது.)

கதவுக்கு அண்டையாக ஐஸ்காரர் வைத்திருந்தது ஒரு ஐஸ் துண்டு.

மரக்கட்டையைத் தேடச் சோம்பல் பட்டால், உடைந்த ஐஸ் ஒன்றைக் காலால் எத்திக் கதவடியில் செருகிவிட்டுப் போவோம். எல்லோரும் செய்வதுதான். மேஸ்திரி கண்டால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவார். புதிதாக வந்தவன் செய்தால் சிரிப்பார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர் செய்து மாட்டிக்கொண்டால்? அதனால் ஐஸ்காரர் கட்டை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஐஸை மறைக்க ஒரு சிரமமும் இல்லை. அதுவே மறைந்துவிடும்.

இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இந்தக் காகிதத்தில்தான் முதலில் எழுதுகிறேன்.

ஐஸ்காரர் அறைக்குப் போய் ஐஸ் வாளியை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். (இந்த ஓட்டலில் ஐஸுக்கு நடுவில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். ஐஸிலும் கலப்படம்.) மரக்கட்டையை எடுத்துவிட்டு, ஒரு பிடி ஐஸைக் கதவடியில் திணித்தார். வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் இப்போது தோன்றுகிறது. அன்று அவர் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அப்போது மச்சான் வந்தார். அக்கா தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாசலில் நின்று ஐஸ்காரரைப் பார்த்தார். கீழே பார்த்தார். கரைந்துகொண்டிருந்த ஐஸை ரொம்ப நேரம் பார்த்தார். உள்ளே காலை வைத்தார். ஈரத்தில் அந்தக் கொஞ்சம் ஐஸும் நழுவியது. கதவு சாய்ந்து சாத்தியது. வெளியே 'டக்' என்று ஒரு சத்தம்.

அறையில் இரண்டு பேர். வெளியே ஒருவரும் இல்லை.

7

இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை இருவரும் அழுதார்கள், பொய். இரண்டாம் தடவை ஐஸ்காரர் மட்டும் அழகாகப் பேசினார், பெரிய பொய். நடந்தது இவ்வளவுதான்.

மச்சான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கும் ஐஸ்தானா அத்தான்?"

"ஆமா."

மச்சான் தலையாட்டினார். வாசலில் தண்ணீர் கிடந்ததை அன்றே பார்த்தாராம். கட்டை எதுவும் அங்கே கிடக்கவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று ஐஸ்காரர் கேட்டார்.

"சொன்னா யாரு நம்புவா? காலையிலதான் சோத்துல வளர்ந்தவன்னு பட்டம் கட்டியிருந்தீங்க."

(இங்கே நான் ஒன்று கேட்க வேண்டும். ஐஸ் பேக்டரியில் தரையில் தண்ணீர் இல்லாத இடம் ஏது? எந்தத் தண்ணீரை இவர் பார்த்தார்? ரொம்ப யோக்கியமாகப் போகிறதே என்று பேனாவை மூடி வைக்கப் பார்த்தேன். அப்போது மச்சான் இன்னொன்று சொன்னார்.)

"நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு அத்தான். கோவத்துல பாரைப் போட்டு உடைக்கிறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். உடைக்கட்டும்னு இருந்தேன். சாப்பிட்டுக் கையலம்பிட்டுத்தான் எழுந்து வந்தேன்."

ஐஸ்காரர் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. முப்பது வருஷத்தில் அந்த ஆள் சொன்னதில் அவர் நம்பிய முதல் வாக்கியம் அதுதான். தனக்கு எதிராகப் பேசுகிறவனைக் கொஞ்சம் நம்பலாம். மேலே ஆறாவது பகுதியை நான் எழுதினதும் அந்தத் தைரியத்தில்தான்.

"என்ன சாப்பாடு அன்னிக்கு?" என்று கேட்டார்.

"ஞாபகமில்லை. அக்கா கட்டிக் கொடுத்தது."

"அப்ப மெதுவாத்தான் சாப்பிட்டிருப்பே."

மச்சான் சிரித்தார். ஐஸ்காரர் சிரிக்கவில்லை, துண்டுக் கோட்டின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சோத்தைச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்று அந்த நாடாவைப் பார்த்துச் சொன்னார். பிறகு மச்சான் போகப்போகிற ஊரில் குளிர் எப்படி, பனிக்கு என்ன போட்டுக்கொள்வாய், முழங்கால் தாங்குமா என்று பேச்சு போயிற்று. குளிரைப் பற்றி ஐஸ்காரருக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார்.

8

முடிவுகள். மூன்று எழுதி வைத்திருக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். (மேனேஜரம்மாவுக்கு இது பிடிக்கும். பலகைக்குள் அடங்கும்.)

இரண்டு: மச்சான் பிற்பாடு, நான்தான் சாத்தினேன் என்று ஒப்புக்கொண்டார். (எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை.)

மூன்று: நடந்தது. முக்கால் மணி கழித்துக் கால் பிடிக்கிற பெண் வந்து தாழை எடுத்தாள். இரண்டு கிழவர்கள் பனிச்சறுக்கு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே சுவரில் ரூபாய்க் காசளவு ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது. அமுக்கினால் மேலே மணி அடிக்குமாம், உடனே ஆள் வருமாம். மாட்டிக்கொண்டால் ஏன் இதை அமுக்கவில்லை என்று கேட்டாள்.

கண்ணாடி போடவில்லை, தெரியவில்லை என்றார் ஐஸ்காரர்.

அது வேலை செய்யாது என்று நினைத்தேன் என்றார் மச்சான்.

(கண்ணாடி கோட்டுப் பையில்தான் இருந்தது. பொத்தான் தெரிந்தது. மச்சானுக்கும் தெரிந்தது; அவர் அதற்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.)

சரி, கதவைச் சாத்தியது யார்? நீங்களே சொல்லுங்கள். நீங்கள் ஐஸ் என்பீர்கள். நான் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். அன்று அந்தத் தாழ் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இன்று ஓட்டல்காரர்கள் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள். எண்ணெய் போட்ட தாழ் விழுந்ததை வைத்துத் துருப்பிடித்த தாழும் விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. எந்தப் பஞ்சாயத்திலும் எடுபடாது. மச்சானிடமும் இதைச் சொன்னேன். யோசித்துப் பார்த்து, நியாயம்தான் அத்தான் என்றான்.

இந்தக் காகிதத்தை மேனேஜரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போகிறேன். பலகையில் மாட்டினால் மாட்டட்டும். அன்பு என்ற சொல்லை மட்டும் எங்காவது சேர்த்துவிடுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

கீழே மணலில் நின்று மச்சான் கூப்பிடுகிறான். அவனுக்குக் கம்பளிக் காலுறை எப்படிப் போடுவது என்று தெரியவில்லையாம். அறுபத்து நாலு வயதில் காலுறை போடத் தெரியாதாம். நம்புகிற மாதிரியா இருக்கிறது? போய்ப் பார்க்கிறேன்.