சீதேவியின் றோசா

எங்கள் இறுப்பிட்டி மண்ணில் றோசா வளர்ப்பது விசர் வேலை. வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்குக் கோயிலடிக் கிணற்றுக்குப் போக வேண்டும். ஆனாலும் அது மகள் சீதேவி ஜேர்மனிக்குப் போகுமுன் நட்ட கன்று. இரண்டு வருடம் நான்தான் குடம் சுமந்தேன். எண்பத்தேழு மாசியில், மாரி மழை ஓய்ந்தபின், ஒரு காலையில் முதல் பூ விரிந்தது. நல்ல மஞ்சள்.

பூத்தால் படமெடுத்து அனுப்பும்படி அவள் ஒரு கமராவும் அனுப்பியிருந்தாள். என் மனுசன் ஏரம்புவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. வெயில் சரியில்லையாம், பின்னால் வேலி தெரிகிறதாம். கடைசியில் செடியடியில் முழந்தாளிட்டு, கமராவைக் கண்ணில் வைத்து, வானத்தைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்தார். தேத்தண்ணி ஆறுகிறதென்று கிணற்றடியிலிருந்து நான் கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது இராணுவ ஹெலிகொப்டரின் இரைச்சல் கேட்டது.

ஹெலி வந்தால் பனையோடு ஒட்டி நின்று, அது சுற்றச் சுற்ற நாமும் மரத்தைச் சுற்ற வேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் றோசாவுக்கு வெயில் போதாதென்று பக்கத்தில் நின்ற இரண்டு பனையையும் தறிப்பித்தவர் இந்த மனுசன்தான். இப்போது ஒதுங்க ஒரு மரமில்லை. மேலே இருப்பவன் கமராவைத் துவக்கென்றுதான் நினைப்பான்.

அவர் எழும்பப் பார்த்தார்.

"ஓடாதேங்கோ. ஓடினால் சுடுவான்."

கையில் அகப்பட்ட குடத்தை இடுப்பில் வைத்து, அவசரமில்லாதவள் போல நடந்து போனேன். ஹெலி பதிந்து வந்து வளவுக்கு மேலே நின்றது. கதவடியில் துவக்கோடு இருந்தவனின் முகமே தெரிந்தது. அவனுக்கும் என் மனுசனுக்கும் நடுவில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

"கமராவை என்ரை சீலைக்குப் பின்னாலை பிடியுங்கோ. மற்றக் கையாலை புல்லுப் பிடுங்குங்கோ."

பிறகு அண்ணாந்து அவனைப் பார்த்துச் சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். நாசமாய்ப் போவான், கட்டின புருசனுக்கும் நான் அப்படிச் சிரித்ததில்லை.

ஹெலி மடத்துவெளிப் பக்கம் போனதும் அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். பிடுங்கிய புல் கைக்குள்ளேயே இருந்தது. நான் வாயில் வந்தபடி திட்டினேன், திட்டத் திட்ட அழுகை வந்தது. பிறகுதான் கண்டேன், நான் ஊற்றியது உவர்த்தண்ணீர். பங்குனிக்குள் செடி கருகிப்போயிற்று.

யாழ்ப்பாணத்தில் கழுவிய படங்களில் ஒன்றுதான் தேறியது. சீலைக்குப் பின்னால் அவர் கை தவறி அமத்திய படம். என் இடுப்போரம் அந்த மஞ்சள் பூ, மேலே என் முகம். அதையே அனுப்பினோம்.

சித்திரையில் பதில் வந்தது. "பூ நல்ல வடிவு. அம்மா ஏன் மேலை பாத்துச் சிரிக்கிறா?"

மழை வருமோவென்று பார்த்ததாக எழுதச் சொன்னேன்.

மாசியில் எங்கள் ஊரில் மழைக்கு யார் அண்ணாந்து பார்ப்பார்கள்? அவளும் இங்கே பிறந்து வளர்ந்தவள்தானே. அடுத்த கடிதத்தில் பூவைப் பற்றிப் பேச்சே இல்லை. முதல் வரியே இதுதான்:

"அம்மா, அந்தக் கமராவை இனி வெளியிலை எடுக்க வேண்டாம்."