மூன்றாவது அறைக்குக் காவல்

பேய், பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தாலே மேஜருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பட்டாளத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு, கையில் வந்த பணத்தை எல்லாம் போட்டு உறைபனிக் கிடங்கு ஆரம்பித்த மனிதர். மீனும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், கெடாமல் வைத்திருந்து திருப்பிக் கொடுப்பார். "அங்க எல்லையைக் காத்தேன், இங்க மீனைக் காக்கிறேன். என்ன, மீன் எதிர்த்துச் சுடாது" என்று தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கொள்வார். கம்பெனி நடந்ததும் பட்டாளத்துப் பாணியில்தான். காலையில் லோடு ஏற்றுகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும், சட்டைப் பித்தான் ஒன்று குறைந்தாலும் தொலைந்தார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொண்ட அவருடைய ஒரே மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவரிடம் போய், மூன்றாவது அறைக்குள் இனிமேல் போக மாட்டோம் என்று ஆட்கள் சொன்னால் சும்மா இருப்பாரா?

"உள்ள போனா கதவு வெளிய விட மாட்டேங்குதுங்கய்யா. வெளிய நின்னு யாரோ பிடிச்சுக்கறாங்க."

"மண்டையில ஏதாவது இருக்கா உங்களுக்கு? கீலுக்கு எண்ணெய் விடுங்கடா!"

எண்ணெய் விட்டார்கள். மெக்கானிக் கீலையே மாற்றினார், பூட்டை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. அறை காலியாகவே கிடந்தது. காரணம் என்னவென்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு இருந்தது, மேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. அந்தக் கதவுக்கு முன்னால்தான் தூண் செத்துப்போனான்.

தூண் என்பது பட்டப்பெயர். சாயாமல், அசையாமல் மணிக்கணக்காக நிற்பான் என்று பட்டாளத்தில் வைத்தது. மேஜர் தொழில் தொடங்கியதும் அவனையும் காவலுக்குக் கூட்டிவந்துவிட்டார். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு பெரிய வியாபாரி சரக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. மேஜர் தூணை மூன்றாவது அறைக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஒரு ஈ காக்கா உள்ள போகக்கூடாது, உள்ள இருக்கறது வெளிய வரக்கூடாது. நானே வந்து சொல்ற வரைக்கும் நீ நகரக்கூடாது."

"சரிங்கய்யா."

வியாபாரி சரக்கைப் பார்க்கவே வரவில்லை, நேரே ஓட்டலுக்குக் கூப்பிட்டார். பேச்சு அங்கேயே முடிந்து, கைகுலுக்கி, விருந்தும் சாப்பிட்டு, மேஜர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். தூணைச் சுத்தமாக மறந்தே போனார். மறுநாள் காலையில் அவன் அந்தக் கதவடியில் கிடந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். மேஜர் குலுங்கிக் குலுங்கி அழுதார், அவன் குடும்பத்தைத் தன் குடும்பம் மாதிரி பார்த்துக்கொண்டார். அந்த உத்தரவைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு விடுமுறை நாள், நல்ல பட்டப்பகல். அறையை வாடகைக்குக் கேட்டு ஒருவர் வருவதாக இருந்ததால், குளிரூட்டும் மெஷினை முந்தின நாளே ஓடவிட்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் மட்டும் வந்தார்கள். மேஜர் கை வைத்ததும் கதவு சாதுவாகத் திறந்தது.

"பாருங்க, கதவுக்குக்கூட உங்களைக் கண்டா பயம்" என்று சிரித்துக்கொண்டே மகள் குளிர் எவ்வளவு என்று பார்க்க உள்ளே போனாள். மேஜருக்கு போன் வந்தது. பேசத் தாழ்வாரத்துக்கு நகர்ந்தார், அவ்வளவுதான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"அப்பா! விளையாடாதீங்கப்பா!"

மேஜர் இழுத்தார். சுவரில் காலை ஊன்றி இழுத்தார். உள்ளேயிருந்து திறக்கிற பிடியை அவள் திருகுவது கேட்டது. மெஷினை நிறுத்தினார், ஆனால் ஏறின குளிர் அவ்வளவு சீக்கிரத்தில் இறங்காது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "ஊருக்கு வெளிய இருக்கேங்கய்யா, வந்துட்டே இருக்கேன்" என்றார். மகளுக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. மேலே இருந்ததோ மெல்லிய பருத்திச் சேலை. கதவைத் தட்டுகிற சத்தம் குறைந்துகொண்டே வந்தது, நடுவில் இருமல் மட்டும் கேட்டது.

கடப்பாரையைப் போட்டு நெம்பினார். கதவு அசையவில்லை. மறுபடி கைப்பிடியைப் பிடித்தபோதுதான் கவனித்தார். ஐஸாக இருக்க வேண்டிய இரும்பு வெதுவெதுவென்று இருந்தது, யாரோ வெகுநேரம் பிடித்திருந்த மாதிரி. பக்கத்தில் யாரோ சன்னமாக மூச்சு விட்டார்கள்.

மேஜர் கடப்பாரையைக் கீழே போட்டார்.

"தூண்... நான்தான்டா. வந்துட்டேன். காவல் முடிஞ்சது, நீ போகலாம்."

கைப்பிடி அசையவில்லை. மூச்சு மட்டும் அங்கேயே இருந்தது.

"மன்னிச்சிருடா! உன்னை மறந்துட்டேன். என் பொண்ணு உள்ள இருக்கா, விட்டுரு!"

ஊஹூம். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காவலில் நிற்கிறவனை விடுவிக்க வெறும் வார்த்தை போதாது. மாற்று ஆள் வந்து அந்த இடத்தில் நின்றால்தான் அவன் நகரலாம், காவல் இடம் ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக்கூடாது. புதுசாகச் சேர்ந்த பையன்களுக்கு இதைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். உள்ளே இருமலும் நின்றுபோயிருந்தது.

மேஜர் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். குதிகாலைச் சேர்த்தார்.

"மாத்து ஆள் வந்தாச்சு. பொறுப்பை நான் ஏத்துக்கிட்டேன்."

காதோரம் ஒரு பெருமூச்சு. பிறகு, மரத்துப்போன காலை இழுத்து இழுத்து வைக்கிற பூட்ஸ் சத்தம் தாழ்வாரத்தில் நடந்து வெயிலுக்குள் போய்த் தேய்ந்தது. கதவு திறந்தது.

மகள் தள்ளாடி வெளியே வந்து விழுந்தாள். உதடெல்லாம் நீலம். ஓடிப்போய் அவளைத் தூக்க வேண்டும் என்று மேஜருக்கு உயிர் துடித்தது. கை நீண்டது, கால் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார். தரையோடு சேர்த்துப் பூசிவிட்ட மாதிரி இருந்தது.

அவளாகவே தவழ்ந்துபோய் வெயிலில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்ல மூச்சு சீரானது. சுவரைப் பிடித்து எழுந்து அவரிடம் வந்தாள்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்."

"நீ போம்மா."

"நீங்க?"

"இங்க... ஒரு ஆள் நிக்கணும்."

"கடவுளே! இப்பவுமா இந்தப் பட்டாளத்துப் புத்தி?" அழுகையும் சிரிப்புமாக அவர் கையைப் பிடித்தாள். "உங்க முகமே சரியில்ல. போய்க் கொஞ்சம் உக்காருங்க. அது வரைக்கும் உங்களுக்குப் பதிலா நான் இங்க நி..."

"வாயை மூடு!"

மகளை ஒரு நாளும் அதட்டாத மனிதர் அவர். அவள் திடுக்கிட்டுக் கையை விட்டாள்.

"இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தே, நீ என் பொண்ணே இல்ல! போ! மெக்கானிக் வந்தாலும் திருப்பி அனுப்பு. இந்தப் பக்கம் ஒருத்தரும் வரக்கூடாது. நீ வரவே கூடாது. என் மூஞ்சியில முழிக்காதே, போ!"

அவள் நம்ப முடியாமல் அவரையே பார்த்தாள். செத்துப் பிழைத்து வந்தவளிடம் பேசுகிற பேச்சா இது? முகம் கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அவருடைய கால் முழங்கால் வரைக்கும் மரத்துப்போயிருந்தது. வெளிக் கேட்டை அவள் அறைந்து சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் மேஜருக்கு மூச்சே வந்தது.