வளையாமல் எடுத்த ஹீட்சிங்க்

அந்த மூன்று குத்தும் நான் குத்தியது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மதர்போர்டு. ஞாயிற்றுக்கிழமை கடையில் சீல் பிரித்து வாங்கியது, இன்று செவ்வாய். அதிலிருந்து புகை வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அதன் மேலிருந்து பிடுங்கிய அலுமினிய ஹீட்சிங்க் என் கையில் இன்னும் கருகல் நாற்றத்தோடு இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்து மூலையில், ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்த மூன்று புள்ளி, அடுப்புக்கல் வைத்த மாதிரி முக்கோணமாக.

என் கை வேலை எனக்குத் தெரியாதா? ஏழு வருடமாக நாளைக்கு முந்நூறு தடவை குத்துகிற குத்து.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றார் வீட்டுக்காரர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்று.

ஹீட்சிங்கை இன்னொரு தடவை திருப்பினேன்.

நான் வேலை பார்ப்பது பழைய கம்ப்யூட்டர் உடைக்கிற ஷெட்டில். லாரி வந்து கொட்டும். நீள மேசைக்கு இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்து பிரித்துப் போடுவோம். பிராசசரும் அதற்கு மின்சாரம் கொடுக்கிற பகுதியும் சூடேறாமல் இருக்க வைத்திருக்கிற உலோகக் கட்டிதான் ஹீட்சிங்க். அலுமினியம் ஒரு பெட்டி, செம்பு ஒரு பெட்டி, இரும்பு ஒரு பெட்டி. அலுமினியத்தோடு ஒரே ஒரு இரும்பு ஸ்பிரிங் கலந்து போனாலும் உருக்குகிறவன் மொத்த லோடையும் திருப்பிவிடுவான். தப்பு யாருடையது என்று பிடிக்க ஆளுக்கொரு அடையாளம் குத்தச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மூன்று குத்து. பக்கத்தில் உட்காருகிறவளுக்குப் பெருக்கல் குறி. அவள் பேசினால் தெருக்கோடிக்குக் கேட்கும். அதனால் அவளை மைக் என்றுதான் கூப்பிடுவோம்.

வீட்டுக்காரர் அதே ஷெட்டில் லோடு இறக்கினவர். ஒரு நாள் பழைய பிரிண்டர் மூட்டையைத் தூக்கும்போது முதுகில் ஜவ்வு விலகியது. அதோடு தூக்குகிற வேலை போச்சு. படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில் போனைப் பார்த்துப் பார்த்தே கம்ப்யூட்டரில் வீடு வரையக் கற்றுக்கொண்டார். இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி படம் செய்வார். போன சனிக்கிழமை ஒரு கட்டட இன்ஜினியர் பரீட்சை வைத்தார். இரண்டு நிமிடப் படம்.

"அடுத்த சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள வந்தா மாசாமாசம் வேலை. எட்டே காலுக்கு வந்தா வாழ்த்து மட்டும்தான்" என்றாராம்.

இரண்டு நிமிடம் ஓட வேண்டுமென்றால் மூவாயிரம் தனித்தனிப் படம் செய்து கோக்க வேண்டும். எங்கள் மெஷினில் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் ஆகும். திங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்கி மூச்சு விடாமல் ஓடினாலும் ஞாயிறு மதியம் ஆகிவிடும். பிராசசரைக் குறித்த அளவுக்கு மேல் வேகமாக ஓட்டினால் முடிக்கலாம். ஓவர்கிளாக் என்பார் இவர். பிராசசர் அதற்கு இடம் கொடுக்கும். இருந்த மதர்போர்டு கொடுக்கவில்லை. போர்டை மாற்றியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கடைக்குப் போனோம். இவர் மனதில் வைத்திருந்த போர்டின் விலையைக் கேட்டேன்.

"அந்த விலைக்கு எங்க ஷெட்டுல ஒரு லாரி போர்டு தர்றேன், எடுத்துக்கிறியா தம்பி?" என்றேன்.

கடைக்காரன் சிரித்தபடி விலை குறைந்த மூன்றை எடுத்து வைத்தான். மூன்றும் வேகத்தைக் கூட்ட விடுமாம்.

முதல் பெட்டியைப் பார்த்ததுமே தள்ளி வைத்தேன். அந்த மாடல் எங்கள் மேசைக்கு வாரத்துக்குப் பத்தாவது வரும். எல்லாம் ஒரே இடத்தில் கருகியிருக்கும், பிராசசர் குழிக்கு இடதுபக்கம், மின்சாரம் கொடுக்கிற பகுதியில். இரண்டாவது மொட்டையாக இருந்தது. மேலே ஒரு தகடுகூட இல்லை. மூன்றாவதில் இரண்டு பக்கமும் கறுப்பாக, கனமாக ஹீட்சிங்க் உட்கார்ந்திருந்தது.

"மொட்டையே போதும்டி. உள்ள சரக்கு நல்லாருக்கு, கரண்ட் குடுக்கிற சில்லு ஆறு ஜோடி இருக்கு பாரு. ஒரு சின்ன ஃபேன் வச்சுக்கலாம்" என்றார் இவர்.

"மொட்டை போர்டும் ஷெட்டுக்கு வந்திருக்கு, நாலஞ்சு. இந்த மூணாவது ஒண்ணுகூட வந்ததில்ல. ஏழு வருஷத்துல ஒண்ணே ஒண்ணுகூட செத்து வரல. யோசிச்சுப் பாருங்க."

"ஒருவேளை யாரும் வாங்கலையோ என்னவோ."

"பொணம் அறுக்கிறவளுக்குத் தெரியாதா எந்த நோயில செத்தாங்கன்னு? பேசாம இதை எடுங்க."

கடைக்காரனே வாய் பிளந்தான். "அக்கா சொல்றதுதான் பாயின்ட்டு சார்" என்றான். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர் மொட்டைப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

திங்கள் காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. ஒரு படத்துக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தது இப்போது இரண்டரைக்கும் குறைவாக வந்தது. நான் வேலைக்குப் போய்த் திரும்பும்போது இருநூற்றைம்பது தாண்டியிருந்தது. மைக்கிடம் அன்று முழுக்க அதே பேச்சுத்தான். செவ்வாய் ஷெட்டுக்கு விடுமுறை. மத்தியானம் இரண்டு மணிக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் கூடத்திலிருந்து கத்தினார்.

"ஏம்மா, அடுப்புல என்ன வச்ச? ஏதோ கருகுது!"

அடுப்பு அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரியும். உலகத்தில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். எழுநூற்றைம்பதாவது படத்தில் திரை இருண்டு கிடந்தது. இவர் நாற்காலியிலிருந்து எழ முடியாமல், போர்டிலிருந்து நூல் மாதிரி எழும்பிய புகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் நான் அந்த ஹீட்சிங்கைப் பிடுங்கினேன். ஸ்குரூ போட்டிருக்கும் என்று நினைத்தேன். ஸ்குரூ இல்லை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். அதன் அடியில், ஆறு ஜோடி சில்லு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று ஜோடி. மீதி இடமெல்லாம் வெறும் ஈயப் புள்ளி. இருந்த மூன்றில் ஒன்று வெந்து வெடித்திருந்தது. ஹீட்சிங்க் அதைத் தொடவே இல்லை. அதன் பாட்டுக்கு அந்தரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. பெயர் அச்சடித்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அதற்கு அடியில் வேறொரு பெயர்.

ஷெட்டுக்கு அந்த மாடல் ஏன் வரவில்லை என்று அப்போது புரிந்தது. அப்படி ஒரு மாடலே கிடையாது.

இன்னொன்றும் புரிந்தது. அதுதான் என்னைத் தரையோடு அழுத்தியது. ஒரு வருடமாக சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டிருந்தான்: "நல்லா இருக்கிற ஹீட்சிங்க வளையாம எடுங்கக்கா, தனி ட்ரேயில வையுங்க." உருக்குகிற சாமானுக்கு எதற்கு அழகு என்று நான் கேட்டதே இல்லை. ஒன்றுகூட வளையாமல் எடுக்கிறேன் என்று எனக்குப் பெருமை. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வேறு கொடுத்தேன். அதெல்லாம் உருக்கப் போகவில்லை, செத்த போர்டைப் புதுசாகக் காட்டப் போயிருக்கிறது.

"நானே எடுத்து, நானே துடைச்சுக் கொடுத்து, நானே காசு கொடுத்து வாங்கி, உங்க தலையில கட்டியிருக்கேன்" என்றேன்.

இவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். ஹீட்சிங்கை வாங்கி மூன்று புள்ளியையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"பிராசசர் செத்திருந்தா எல்லாம் முடிஞ்சுது. பொழச்சிருந்தா இன்னைக்கு ராத்திரிக்குள்ள போர்டு வேணும். அழுகைய சனிக்கிழமை வச்சுக்கலாம், எழுந்திரு."

கடையில் நான்கைந்து பேர் நின்றார்கள். கருகின போர்டை மேசைமேல் வைத்தேன். கடைக்காரன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஓவர்கிளாக் பண்ணி எரிச்சா வாரண்டி இல்லக்கா. பில்லுலயே போட்டிருக்கு."

"இது புதுசே இல்ல தம்பி. இந்த ஹீட்சிங்க நான் குப்பையில இருந்து பிடுங்கினது. இந்தா என் குத்து."

"பேக்டரி சீலு நீங்கதானக்கா பிரிச்சீங்க? நாளைக்கு நானும் நாலு குத்துக் குத்திக்கிட்டு வந்து நிப்பேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். இவர் என் முந்தானையை இழுத்தார். கண்ணாடி அலமாரியில் அதே பெட்டி இன்னும் ஏழெட்டு அடுக்கியிருந்தது.

"அதுல ஒண்ணு எடு. எதுவேணா எடு, நீயே எடு. சீலோட இருக்கட்டும். ஹீட்சிங்குக்கு அடியில மூணு குத்து இருக்கும், இல்லன்னா பெருக்கல் குறி இருக்கும். ரெண்டும் இல்லன்னா அந்தப் போர்டுக்கும் காசு நான் தர்றேன்."

"ஏய்!" என்றார் இவர் மெதுவாக. அந்தக் காசு எங்களிடம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஒவ்வொரு ட்ரேயிலும் எத்தனை பேருடைய ஹீட்சிங்க் கலக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் மேசையில் ஒன்பது பேர்.

"எடுத்துத்தான் காட்டேன்பா, பாப்போம்" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

கடைக்காரனுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. அடியிலிருந்து ஒரு பெட்டியை உருவினான். சீலைக் கிழித்தான். நான் ஹீட்சிங்கைப் பிடித்து ஒரே இழுப்பு. டேப் பிய்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. திருப்பினேன்.

புள்ளி இல்லை. மூலையில் மை மாதிரி ஒரு பசை, அதைக் கட்டை விரலால் துடைத்தேன். அதற்கடியில் கோணலாக, கோபமாக அடித்த மாதிரி, ஒரு பெருக்கல் குறி.

"இது மைக்கோட குறி" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரன் முகத்தில் ரத்தமே இல்லை. அவன் நடிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவன் தானாகவே இன்னொரு பெட்டியைக் கிழித்தான். இன்னொன்றை. மூன்றாவதில் என் குத்து.

"வேன்ல கொண்டுவந்து குடுத்தான்க்கா... புது கம்பெனின்னு சொன்னான். நான் முப்பது பீஸ் வித்துட்டேனே."

"அப்ப முப்பது வீட்டுல புகை வரும். நீ இதுக்குப் பதிலா அந்த மொட்டை போர்ட எடு. சின்ன ஃபேன் ஒண்ணும் எடு."

வீடு வந்து சேரும்போது மணி ஆறரை. இவர் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, நான்தான் பொருத்தினேன். ஏழு வருடம் பிரித்த கைக்குப் பொருத்துவது புது வேலை. பிராசசரை எடுத்துப் பார்த்தோம். வெளியே கருக்கல் இல்லை. உள்ளே என்னவென்று யார் கண்டது? சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. திரை இருட்டு.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மாமியார் சாமி கும்பிடுகிற மாதிரி கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். இவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"செத்துப்போச்சுங்க" என்றேன்.

"மேல் மூலையில பிராசசருக்குக் கரண்ட் போற எட்டு பின் ஒயர் ஒண்ணு இருக்குமே, சொருகினியா?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

கீழே தொங்கிக்கொண்டிருந்தது. சொருகினேன். திரையில் வெளிச்சம் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தத் தடவை ஆசையக் கொஞ்சம் கொறைச்சுக்கலாம்" என்று வேகத்தைக் கொஞ்சம் இறக்கினார். படத்துக்கு இரண்டரை நிமிடம். வீட்டில் இருந்த ஒரே மேசைமின்விசிறியையும் போர்டுக்குத் திருப்பிவைத்தோம். சனிக்கிழமைவரை நாங்கள் மூன்று பேரும் வேர்வையில் குளித்தோம்.

புதன்கிழமை ஷெட்டில் சூப்பர்வைசர் வழக்கம்போல் தனி ட்ரேயை என் முன்னால் தள்ளினான். "வளையாம எடுங்கக்கா." அவன் மூஞ்சியைப் பார்த்தேன். கேட்டுவிடத் தோன்றியது. வீட்டில் இன்னும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் படம் பாக்கி. அது முடியாவிட்டால் என் சம்பளம் ஒன்றுதான் சோறு. தலையைக் குனிந்துகொண்டு வளையாமல் எடுத்தேன். சனிக்கிழமைவரை அப்படியேதான். மைக்கிடம் மட்டும் சொன்னேன். அவள் குரல் அடங்கிப் பார்த்தது அன்றுதான்.

சனிக்கிழமை மாலை ஐந்துக்கு முடிந்தது. ஆறரைக்கு அனுப்பினார். ஏழரைக்கு இன்ஜினியரிடமிருந்து பதில்: மாடிப்படிக் கைப்பிடி நிறத்தை மாற்ற வேண்டும், அடுத்து இரண்டு வீடு இருக்கிறது, திங்கள் பேசலாம். இவர் மூன்று தடவை படித்துக் காட்டினார். மூன்று தடவையும் நான் நம்பவில்லை.

திங்கள் காலை ட்ரே வந்தது. அதிலிருந்து ஒரு ஹீட்சிங்கை எடுத்தேன், கறுப்பு, கீறல்கூட இல்லாதது. திருப்பி என் மூன்று குத்தையும் குத்தினேன். பிறகு நிமிர்த்தி வைத்து, சுத்தியலை ஓங்கி அதன் தலையில் ஒரே போடு. தகடெல்லாம் அப்பளமாய் நொறுங்கியது. அடுத்ததை எடுத்தேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "என்னக்கா இது! எல்லாம் நசுங்கிப் போச்சே!"

"உருக்கத்தானே போகுது?" என்றேன்.

பக்கத்தில் மைக் தன் ட்ரேயை இழுத்துப் போட்டுக்கொண்டு சுத்தியலைத் தேடினாள்.