இரண்டாவது பட்டன்

யதார்த்தமான படம் என்றாலே எனக்கு ஆகாது. வாரத்தில் ஆறு நாள் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் பார்ப்பதை ஏழாவது நாள் டிக்கெட் எடுத்து வேறு பார்க்க வேண்டுமா? ஆனால் டிக்கெட் எடுத்தவன் ஹேமநாத், என் மனைவி குணசுந்தரியின் தம்பி. ஒன்றரை வருஷமாக வலது கையைப் பேன்ட் பாக்கெட்டை விட்டு எடுக்காமல் வீட்டிலேயே கிடந்தவன், வெள்ளிக்கிழமை தனியாகப் போய், கம்பெனி வேலைக்குப் போகும் ஒரு பையனைப் பற்றிய அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். ஞாயிறு மேட்னிக்கு மூன்று பேரும் போகலாம் என்றான். தம்பி வாயைத் திறந்து ஒன்று கேட்டதில் குணசுந்தரிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அவசரத்திலும், நான் கேட்டிருந்த சைக்கிள் ட்யூபைப் பட்டைபட்டையாக வெட்டி முடித்துவிட்டுத்தான் புடவை மாற்றினாள். பல வருஷமாக மாதம் ஒரு தடவை அவள் செய்துகொடுக்கும் வேலை அது. கம்பெனியில் சாமான் கட்டி வைக்க என்று சொல்லியிருந்தேன்.

இரும்புத் தகட்டை அமுக்கி வெட்டும் பிரஸ் ஷாப் ஒன்றில் நான் செட்டர். மெஷினில் அச்சை மாட்டி, அளவு பார்த்து, ஓட்டுகிற ஆளிடம் ஒப்படைப்பது என் வேலை. பழவேற்காடு ஏரியில் மீன் படாமல் போனபோது ஹேமநாத்தைக் கூட்டிவந்து அங்கே சேர்த்துவிட்டவன் நான்தான். ஏழாம் மாதம் அவனுடைய வலது கையில் மூன்று விரல் போயிற்று. போனைப் பார்த்துக்கொண்டே கையை உள்ளே விட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள். சாட்சி என்று நான் கையெழுத்துப் போட்டேன். வீட்டிலும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து குணசுந்தரி அவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போதெல்லாம் திட்டும் சேர்த்தே கொடுப்பாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவான்.

படத்திலும் ஒரு பையனுக்கு விரல் போகிறது என்று எனக்கு முன்பே தெரியும். சென்னையில் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் அந்தக் காட்சியைச் சொல்லிச் சொல்லி அழுததைப் போனில் பார்த்திருந்தேன். அது வருவதற்குள் பாத்ரூமுக்கு எழுந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன்.

முதல் பாதி கொண்டாட்டமாகத்தான் போனது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டைக் காட்டியதும் விசில். எட்டுப் பேர் படுக்கும் அறையில் பையன் முதல் தடவை மீசையை ஒதுக்கியபோது சிரிப்பு. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்தபோது குணசுந்தரி மூக்கை உறிஞ்சினாள். அவள் தம்பியும் அப்படித்தான் எடுத்துக்கொடுத்தான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், காலை ஷிஃப்ட் தொடங்குகிறது. செட்டர் ஒருவன் மெஷினிடம் வருகிறான். பாக்கெட்டிலிருந்து சைக்கிள் ட்யூப் பட்டை ஒன்றை எடுக்கிறான். வலது பக்கத்துப் பச்சைப் பட்டனை அழுத்திப் பிடித்து, அதன்மேல் பட்டையை இழுத்துக் கட்டுகிறான். அவ்வளவுதான். பாட்டு இல்லை, வசனம் இல்லை. சென்னைக்காரர்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே தியேட்டரே அடங்கிப்போனது. முன் வரிசையில் விசில் அடித்துக்கொண்டிருந்த ஒருவன் "கட்டாதடா" என்றான், கெஞ்சுவதுபோல.

எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் என்னவென்று கேட்டாள். அவள் புருஷன் விளக்கினான்.

"ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டன அமுக்குனாதான் பிரஸ்ஸு எறங்கும். கை உள்ள இருக்காது. ஒண்ண கட்டிட்டா ஒரு கை சும்மா இருக்கும், வேல சுருக்கா ஆவும். அந்தக் கைதான் உள்ள மாட்டிக்கும்."

விரல் காட்சிக்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன், இதற்கு இல்லை. குணசுந்தரி திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஹேமநாத் தொடக்கத்திலிருந்தே அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

விளக்கு போட்டார்கள். பப்ஸ் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். குணசுந்தரி உட்காரச் சொன்னாள். தம்பி மெஷினிலும் இரண்டு பட்டனா என்று கேட்டாள். எல்லா மெஷினிலும் அப்படித்தான் என்றேன். கட்டியிருந்ததா என்றாள். எந்த ஷாப்பில்தான் கட்டவில்லை, சூப்பர்வைசர் சொன்னால் கட்டித்தானே ஆகவேண்டும் என்று ஏதேதோ சொன்னேன்.

"கட்னது யாரு?"

ஹேமநாத்தைப் பார்த்தேன். ஒன்றரை வருஷமாக யார் கேட்டாலும் தப்பு தன்னுடையது என்றே சொல்லி என்னைக் காப்பாற்றியவன். இப்போதும் சொல்வான் என்று நினைத்தேன்.

"நீயே சொல்லு மாமா" என்றான்.

நான்தான் என்று சொன்னேன்.

"அப்போ போனு?"

"அது வெளிய லாக்கர்ல இருந்துச்சுக்கா" என்றான் அவன்.

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று அவள் தம்பியைக் கேட்கவில்லை. கேட்காமலே புரிந்துவிட்டது போலிருக்கிறது. என் பக்கம் திரும்பினாள்.

"அவன் எனக்காக வாய மூடிக்கினு இருந்தான். நீ யாருக்காக?"

அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. மணி அடித்ததும் அவள் எழுந்துபோய்த் தம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். பாக்கெட்டிலிருந்து அவன் கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி வந்தபோது நான் பாத்ரூமுக்குப் போகவில்லை. தியேட்டரே அலறியது. அவள் நிமிரவே இல்லை.

படம் முடிந்து படியிறங்கியவர்கள் அந்தச் செட்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனார்கள். அவர்களோடு நானும் இறங்கினேன். வரும்போது மூன்று பேரும் என் வண்டியில்தான் வந்தோம். வெளியே வந்ததும் அவள் ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தித் தம்பியை ஏற்றினாள். ஏறப் போனவள் காலைக் கீழே வைத்துத் திரும்பினாள்.

"அன்னிக்கு இவன் மெஷினுல கட்னது, நா வெட்டிக் குடுத்ததா?"

அவள் முதுகுக்குப் பின்னால் ஹேமநாத் என்னைப் பார்த்து, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினான். ஒரே ஒரு வார்த்தை. ஒன்றரை வருஷமாகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சரளமாக வந்த பொய், அது தேவைப்பட்ட அன்று வாயில் வரவில்லை.

குணசுந்தரி ஆட்டோவில் ஏறித் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.