மன்னி தேய்க்காத இடம்

ஹம்சாவின் உடலைக் கூடத்தில் பலகைமேல் கிடத்தியபோது அங்கே இருந்தவர்கள்: அவள் அண்ணன் மகாதேவன், மன்னி மீனாக்ஷி, கணவர் சந்திரசேகர், மகள் சுஷ்மா, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காந்திமதி. காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் வந்து சேர்ந்தவர்கள், எதையும் பார்க்கவில்லை.

குளிப்பாட்டுவதற்காக ஆண்கள் வராந்தாவுக்குப் போனார்கள். கதவை ஒருக்களித்துவிட்டு மீனாக்ஷி சொம்பும் மஞ்சளுமாக உட்கார்ந்தாள். புடவையை விலக்கியதும் அவள் கை நின்றது. வயிற்றில் ஊதா மைக் கோடுகள்.

போன வருஷம் டில்லி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் ஹம்சாவின் வயிற்றிலிருந்து கட்டியை எடுத்தார்கள். பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்த கொஞ்சத்தை மட்டும் எடுக்க முடியவில்லை. மிச்சத்துக்கு ரேடியேஷன் என்றார்கள். கதிர் விழவேண்டிய இடத்துக்குக் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நடுவில் தீபாவளி வந்தது. எண்ணெய் ஸ்நானம் இல்லாத தீபாவளி மகாதேவன் குடும்பத்தில் கிடையாது. மீனாக்ஷி சீயக்காய் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் ஒரு கோடும் மிஞ்சவில்லை.

“மாதாஜி, நக்‌ஷா கஹான் கயா?”, மேப் எங்கே போச்சு என்று டெக்னீஷியன் தலையில் கைவைத்துக்கொண்டதை ஹம்சா அந்த வருஷம் முழுக்க நடித்துக் காட்டினாள். “டாக்டர் போட்ட மேப்பை மன்னி ஒரே தேய்ப்புல அழிச்சுட்டா!” மலை மந்திர் முருகன் கோயில் படியேறும்போது சொன்னாள். காய்கறிக்காரனிடம் ஹிந்தியில் சொன்னாள். அந்த வருஷம் அவளுக்கு நல்ல வருஷம்.

போன மாதம் வலி திரும்பியது. வலி குறைய மறுபடி ரேடியேஷன், மறுபடி கோடுகள்.

“அண்ணா, கடைசியாக் குளிப்பாட்டறச்சேயும் மன்னியை அங்கே தேய்க்க விடாதே. யமன் நக்‌ஷா கேப்பான்.”

“உளறாதே.”

“ப்ராமிஸ் பண்ணு.”

மகாதேவன் எழுந்து போய்விட்டார்.

இப்போது உள்ளேயிருந்து காந்திமதியின் குரல் கேட்டது. “நல்லாத் தேச்சுக் கழுவுங்க மாமி. சுமங்கலிக்கு உடம்பெல்லாம் மஞ்சள் பூசணும். கறையோட அனுப்பினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

மகாதேவனுக்கு அந்த நாலு பேரையும் பெயரோடு தெரியும். அவர் வீட்டுக் காரியம் எதையும் குறைசொல்ல அவர்களுக்கு அவர் இதுவரை இடம் கொடுத்ததில்லை. கதவருகே போய், உள்ளே பார்க்காமல் நிமிர்ந்து நின்றார்.

“மீனாக்ஷி.”

“என்னன்னா?”

“வயித்துல தண்ணி மட்டும் விடு. தேய்க்காதே.”

“அதெப்படின்னா? அரைகுறையா...”

“யமன் நக்‌ஷா கேப்பான்.” ஆபீஸில் உத்தரவு சொல்லும் அதே குரலில் சொன்னார்.

 உள்ளேயிருந்து சுஷ்மா, அழுதுகொண்டே, அச்சாக அம்மாவைப்போலவே, “மாதாஜி, நக்‌ஷா கஹான் கயா?” என்றாள்.

சொம்பு உருண்டது. மீனாக்ஷிதான் முதலில் சிரித்தாள். காந்திமதி “ஐயோ, என்ன இது!” என்றபடியே தானும் சேர்ந்துகொண்டாள். வாத்தியார் எழுந்து எட்டிப் பார்த்தார். சந்திரசேகர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. மகாதேவன் மேல்துண்டை எடுத்து, கலையாத மடிப்பை மறுபடி மடித்துப் போட்டுக்கொண்டார்.

மகாதேவன் வீட்டில் குளிப்பாட்டாமலே அனுப்பிவிட்டார்கள், போதாததற்குச் சிரிப்பு வேறு என்று ஆர்.கே.புரத்தில் ஒரு பேச்சு இருக்கிறது.

குளிப்பாட்டினார்கள். மஞ்சளும் பூசினார்கள். வயிற்றில் மட்டும் தேய்க்கவில்லை. சிரித்தது உண்மை.