உறவு: இல்லை

2023 நவம்பர் 9, வியாழக்கிழமை, காலை பத்து இருபது. மழை வலுக்கவும் இல்லை, விடவும் இல்லை. குடை கொண்டுவந்தவர்களும் மறந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நனைந்திருந்தார்கள். தடய அறிவியல் கூடத்தின் மாதிரி எடுக்கும் அறையில் ஒரு தாயும் அவளுடைய இளைய மகனும் அருகருகே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உதவியாளர் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்தெடுக்க, கூடத்தின் மரபணு ஆய்வாளர் பக்கத்தில் நின்று உறையின் மேல் எழுதியிருந்ததைச் சரிபார்த்தாள்.

தாய் தையல் வேலை செய்பவள். சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த மூத்த மகன் நான்கு ஆண்டுகளாகச் சிறையில் இருந்தான். ஒரு கிடங்கின் காவலாளியை இரும்புக் கம்பியால் அடித்துக் கொன்றான் என்பது தீர்ப்பு. கம்பியின் பிடியில் மூவருடைய மரபணு கலந்து கிடந்தது. அவர்களில் ஒருவன் அவன் என்பதற்கு இதே கூடத்தின் மென்பொருள் பெரிய எண் ஒன்றைக் கொடுத்திருந்தது. "நான் செய்யலம்மா" என்று அவன் சொன்ன ஒற்றை வாக்கியத்தை நம்பி, தாய் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து மறுஆய்வுக்கு உத்தரவு வாங்கினாள். இரத்த உறவினரின் மாதிரியும் வேண்டும் என்று கூடம் கேட்டபோது இளையவனைக் கையோடு அழைத்து வந்துவிட்டாள்.

"நல்லா தொறடா. பல்லு வெளக்குனியா இல்லையா?"

"அவங்க பல்லு பாக்க வரலம்மா."

"எதுக்கு வந்தாலும் வாய் வாய்தானே." தாய் ஆய்வாளரின் பக்கம் திரும்பினாள். "சாதாரண நாள்ல தண்ணிய மூஞ்சில ஊத்தினாலும் எந்திரிக்க மாட்டான் மேடம். இன்னிக்கு அண்ணனுக்காகன்னதும் எனக்கு முன்னாடி செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறான்."

இளையவன் சிரிக்கவில்லை. கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவன். நகங்கள் குட்டையாக வெட்டப்பட்டிருந்தன. கையெழுத்துப் போட்டு எழுந்தபோது தாய்க்குக் கேட்காத குரலில் கேட்டான்: "இத குடுத்தா அண்ணன் வெளிய வந்துருவானா மேடம்?"

"இப்பவே சொல்ல முடியாதுப்பா. பாத்தாதான் தெரியும்."

"பாத்துருங்க," என்றான்.

பழைய ஆய்வை நடத்தியவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். ஆய்வாளர் அவருடைய கோப்பை வரிவரியாகப் படித்தாள். அளவீட்டில் பிழையில்லை; கலந்திருப்பவர்கள் மூவர் என்ற கணிப்பிலும் பிழையில்லை. அந்த மென்பொருள் யாரையும் குற்றவாளி என்று சொல்வதில்லை. இரண்டு கதைகளை எதிரெதிரே வைத்து, கிடைத்த தடயம் எந்தக் கதைக்கு எத்தனை மடங்கு பொருந்துகிறது என்று மட்டும் சொல்லும். கதைகளைக் கொடுப்பது மனிதர் வேலை. அன்று கொடுத்த முதல் கதை, பிடியில் இருப்பவன் மூத்த மகன்; இரண்டாவது, அவனுக்கு எந்த வகையிலும் உறவில்லாத யாரோ ஒருவன். முதல் கதை ஆறு லட்சம் மடங்கு பொருந்தியது. நீதிமன்றம் எண்ணைக் கேட்டது. எதோடு எதை ஒப்பிட்ட எண் என்று யாரும் கேட்கவில்லை.

திரையின் கீழ்ப்பகுதியில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் தொடாதவரை அதில் 'இல்லை' என்றே இருக்கும். காவல்துறை அனுப்பிய கடிதத்தில் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், அதை யாரும் தொடவில்லை.

ஆய்வாளர் தொட்டாள். இரண்டாவது கதையில் அந்நியன் இருந்த இடத்தில் உடன்பிறந்தவனை வைத்து ஓட்டினாள். ஆறு லட்சம் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது; தடயம் அண்ணனைவிட உடன்பிறந்தவனுக்கே கூடுதலாகப் பொருந்தியது. பிறகு, இளையவனின் மாதிரியை நேரடியாக ஒப்பிட்டாள்.

அவளுடைய உதவி ஆய்வாளனைக் கூடத்தில் எல்லோரும் தசமம் என்றே அழைத்தார்கள். தேநீரின் சூட்டைக்கூடப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் சேர்த்துத்தான் சொல்வான். அவன் திரையைப் பார்த்துவிட்டு ஒரு புள்ளியும் வைக்காமல் சொன்னான்: "எம்பது கோடி மேடம்."

"திரும்ப ஓட்டு."

எண்பது கோடிக்குச் சற்று மேலே வந்தது. மறுமுறை சற்றுக் கீழே. பிடியில் இருந்தது தம்பியின் தடயம். ஒரே தாய் தந்தையிடமிருந்து இருவருக்கும் வந்த பொதுப்பங்கால்தான் அண்ணன் அதில் பொருந்தித் தெரிந்தான். நான்காவது முறை ஓட்டுவதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. இருந்தும் ஓட்டினாள்.

"அந்தம்மா பக்கத்துல உக்காந்து வாயத் தொறக்கச் சொல்லிச்சே மேடம்," என்றான் தசமம். சற்று நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். "மனுல கேட்டது மூத்தவன பத்தி மட்டுந்தான். அவன் மேல இருக்கிற சான்று நிக்காதுன்னு முதல் பக்கத்தோட முடிச்சா என்ன? கேட்டதுக்குப் பதில் சொன்னா போதாதா?"

"அப்படித்தான்டா ஒருத்தன் நாலு வருஷம் உள்ள இருந்தான்."

அவள் தம்பியைப் பற்றிய இரண்டாம் பக்கத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பதினோரு வரிகள் வந்தன. எந்தச் சொல்லையும் மென்மையாக்க இடமில்லாத வரிகள். 'கண்டவை' என்ற தலைப்பை 'அறியப்பட்டவை' என்று மாற்றிப் பார்த்து, மீண்டும் 'கண்டவை' என்றே வைத்தாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் இயக்குநர் கையெழுத்திட்டார். இரண்டு பக்கங்களையும் படித்தவர், பேனாவை மூடாமலே கேட்டார்: "ரெண்டு பசங்கதானா அவங்களுக்கு?"

"ஆமா சார்."

முத்திரையிட்ட உறை மறுநாள் காலையிலேயே நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. விதிப்படி இன்னொரு பிரதி மனுதாரருக்கு உரியது. அதை எழுத்தரிடம் விட்டுவிடலாம். ஆய்வாளர் தானே எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு இறங்கினாள்.

தாய் சன்னலோரப் பெஞ்சில் இருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அதிலிருந்து, மடிப்புக் கலையாத ஆண் சட்டையின் கழுத்துப்பட்டை வெளியே தெரிந்தது. இளையவன் அவளுக்குப் பின்னால் சுவரில் சாயாமல் நின்றான்.

"நல்ல சேதியா மேடம்? நீங்க சொல்லுங்க, படிக்கிறது அப்புறம்."

"மூத்த பையனுக்கு எதிரா இருந்த சான்று நிக்காதும்மா. அவர விடச் சொல்லி கோர்ட்டுல கேக்கலாம்."

தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகைச் சத்தம் எழவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. பின்பு இளையவனின் கையைப் பிடித்திழுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"கேட்டியாடா? உங்கண்ணன் வர்றான்டா. நீ வாயத் தொறந்தது வீண் போகல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "இனிமே ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல கெடந்து அடிச்சுக்கங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"சரிம்மா," என்றான் அவன்.

ஆய்வாளர் உறையை நீட்டினாள்.

தாய் தன் விரல்களைப் பார்த்தாள். "கையெல்லாம் ஈரமா இருக்கு. நீ வாங்குடா. பத்திரம், கசக்கிடாத."

அவன் முன்னால் வந்து பதிவேட்டில் தாயின் சார்பாகக் கையெழுத்திட்டான்.

"ரெண்டாவது பக்கமும் இருக்கு," என்றாள் ஆய்வாளர், மிகத் தாழ்ந்த குரலில்.

"தெரியும் மேடம்," என்று இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.