நாற்பது கமோடும் ஒரு சாவியும்

ரிட்டயர் ஆன பிறகு நான் இருநூற்றுப் பன்னிரண்டு பொய் சொல்லியிருப்பதாகக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இதைவிட இனிப்பான செய்தி உண்டா? வீட்டில் என் பேச்சைச் சுவர்கூடக் காதில் வாங்குவதில்லை. அங்கே என் பெயரை வைத்து ஒரு கட்டடமே எழும்பிக்கொண்டிருக்கிறது! சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் ஓடினேன்.

விஷயம் இதுதான். நான் ஸ்டோர்கீப்பராக இருந்த அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் இப்போது என் அண்ணன் மகள் ஸ்டோர் பார்க்கிறாள். அவள் சரக்கை எண்ணிப் போனில் போடுவாள். கணக்கிலுள்ள இருப்போடு அது ஒத்துப்போகவில்லை என்றால், கம்ப்யூட்டர்க்காரர் எழுதிய புரோகிராம் ஒன்று கம்பெனி சாஃப்ட்வேரின் பின்கதவைத் தட்டி, ‘இத்தனை குறைத்துக்கொள்’ என்று ஒரு திருத்தப் பதிவு போட்டுவிடும். அந்தப் பின்கதவுக்குப் பெயர் ஏபிஐ. எதைக் கேட்டாலும் “ஏபிஐ வழியா போயிடும் சார்” என்பதால் அந்த மனிதருக்கும் அதே பெயர்.

பதிவு போட ஒரு ஆள் பெயர் வேண்டும். யாரும் ரத்து செய்யாத என் பழைய லாகினைக் கொடுத்திருக்கிறார். காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் சாஃப்ட்வேர் வாங்காது. பட்டியலில் முதலில் இருந்த ‘உடைந்தது’ என்பதையே எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டார். ஆகவே என் பெயரில் மணல் உடைந்திருந்தது. பெயின்ட் ஆறு லிட்டர் உடைந்திருந்தது. தார்ப்பாய்க் கயிறு முப்பது மீட்டர் சுக்குநூறாக உடைந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர் தோட்டத்தையே மறைத்திருந்தார்.

நான் போனபோது ஸ்டோரில் ஏபிஐ லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க, ஆடிட்டர் நின்றிருந்தார். மூக்கில் கைக்குட்டை. நியாயம்தான். ஈரச் சாக்கு, எலிப் புழுக்கை, சிகரெட் துண்டு மிதக்கும் டீக் கப்புகள். இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு வாடை; அது என்னவென்று பிடிபடவில்லை.

“கமோடு நாப்பது வந்திருக்கு. இருக்கிறது முப்பத்தெட்டு. ரெண்டு உடைஞ்சதுன்னு பதிவு. உடைஞ்ச துண்டு எங்கம்மா?” என்றார் ஆடிட்டர்.

அண்ணன் மகள் தரையைப் பார்த்தாள். “உடையல சார்.”

“அப்ப?”

“நான் எண்ணல.”

“ஏன்?”

“எண்ண முடியல.”

சைட் மேனேஜர் தொப்பையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு சிரித்தார். “நாப்பது வரைக்கும் எண்ணத் தெரியாதவங்களைச் சிபாரிசுல வெச்சா இப்படித்தான். எடுத்தவங்களுக்கு எண்ண எப்படி மனசு வரும்?” என்றவர், ‘சிபாரிசு’ என்ற இடத்தில் என்னைப் பார்த்தார்.

அஞ்சு மணிக்குள் அந்த இரண்டும் எங்கே என்று சொல்லாவிட்டால் திருட்டு என்று எழுதி அவளை அனுப்பிவிடுவார்களாம். அவளைத் தனியே இழுத்துப் போனேன்.

“ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலை.”

“ச்சீ! என் வாயால சொல்ல மாட்டேன் சித்தப்பா. தார்ப்பாய்க்குப் பின்னாடி போய்ப் பாருங்க. மூச்சை இங்கேயே இழுத்துக்கிட்டுப் போங்க.”

போனேன். தார்ப்பாயைத் தூக்கினேன். அந்த நாற்றம் எழுந்து வந்து என்னோடு கைகுலுக்கியது. மூக்குக்கண்ணாடி தானாக மடிந்துகொண்டது. ஊரில் உள்ள ஈக்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து மாநாடு போட்டிருந்தன. நடுவில் இரண்டு கமோடு. எந்தக் குழாயோடும் சேராமல், பிளாஸ்டிக் உறைகூட முழுதாகப் பிரிக்கப்படாமல், நிரம்பி வழிந்துகொண்டு. யாரோ ஒரு மரியாதைக்காரர் மூடியை மட்டும் சாத்திவைத்திருந்தார்.

திரும்பி வந்து, கையோடு கொண்டுவந்திருந்த தண்ணீர் பாட்டிலில் வாயைக் கொப்பளித்துக் கால் மணி நேரம் துப்பினேன்.

“அடிப்பாவி! இது யார் வேலை?”

“யாருன்னு சொல்ல? வேலை செய்யறவங்க அறுபது பேரு. கக்கூஸ் ஒண்ணு. அசிங்கம் பண்றாங்கன்னு மேனேஜர் மூணு வாரமா பூட்டி, சாவியை இடுப்புல சொருகி வெச்சிருக்கார். கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னார். இதைச் சொன்னா நாலு பேரை வேலையை விட்டுத் துரத்துவார், பூட்டைத் திறக்க மாட்டார்.”

“சரி, நீ என்ன பண்றே?”

“காலைல வீட்டை விட்டுக் கிளம்பினா, திரும்பிப் போற வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல சித்தப்பா.”

பின்னால் கிடந்ததைப் பார்த்தபோது மூக்கைப் பொத்திக்கொள்ள முடிந்தது. இந்த மேனேஜரைப் பார்த்தால் எதைப் பொத்துவது?

“ஏபிஐ, வாங்க இங்க,” என்றேன். “அந்தப் பதிவை ரத்து பண்ணிட்டுப் புதுசா ஒண்ணு போடுங்க. என் பேர்லயே.”

லேப்டாப்பைத் திறந்தார். “காரணம் சார்? உடைந்தது, தொலைந்தது, திருடு போனது, மற்றவை.”

“மற்றவை.”

“மற்றவைன்னா குறிப்பு கட்டாயம். போட்டோவும் கட்டாயம். இல்லைன்னா ஏபிஐ வாங்காது.”

என் காதில் நாதஸ்வரம் கேட்டது. “போட்டோவா? அது எதுவரைக்கும் போகும்?”

“ஹெட் ஆபீஸ் வரவேற்பறையில பெரிய டிவி இருக்கு. புதுப் பதிவு எல்லாம் அதுல ஓடும்.”

மேனேஜர், “அதெல்லாம் எதுக்கு, நமக்குள்ளயே...” என்று ஆரம்பித்தார். ஆடிட்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “கண்ணால பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.” தானே போய் மூடியைத் திறந்தார். ஏபிஐ முகத்தைத் திருப்பிக்கொண்டு படம் எடுத்தார். ஆடிட்டர் வெளியே ஓடி, மேனேஜரின் கார்ச் சக்கரத்துக்குத் தன் காலைச் சாப்பாட்டை மிச்சமில்லாமல் ஒப்படைத்தார்.

நான் குறிப்பு சொன்னேன். “கமோடு இரண்டு. உடையவில்லை, தொலையவில்லை, திருடு போகவில்லை. அறுபது பேருக்கான ஒரே கழிவறை மூன்று வாரமாகப் பூட்டியிருப்பதால், பொருத்துவதற்கு முன்பே உபயோகத்துக்கு வந்துவிட்டன. சாவி மேனேஜர் இடுப்பில்.”

முதல் தடவை திரும்பி வந்தது. படம் பெரிதாம். சாஃப்ட்வேருக்கே குமட்டிவிட்டது என்றேன். ஏபிஐ படத்தைச் சுருக்கி மறுபடி அனுப்பினார். ‘பதிவு உருவாக்கப்பட்டது’ என்று வந்தது.

நாலு நிமிடம் இருக்கும். மேனேஜரின் போன் அலறியது. வீடு வாங்க வந்தவர்கள் அந்த வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்களாம். நின்ற இடத்திலேயே மேனேஜரின் தொப்பை இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. “சார்... இல்ல சார்... திறந்துதான் சார் இருக்கு... இல்ல சார், திறக்கிறேன் சார்.”

இடுப்பிலிருந்து சாவியை உருவி அண்ணன் மகளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“நீங்களே திறந்து கழுவிவிடுங்க சார். பின்னாடி இருக்கிற ரெண்டையும் சேர்த்து.”

ஆடிட்டர் வாயைத் துடைத்துக்கொண்டே முப்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். என் லாகினை ஏபிஐ அங்கேயே ரத்து செய்தார். இருநூற்றுப் பதிமூன்றாவது பதிவோடு என் சேவை முடிந்தது. அந்த ஒன்றாவது உண்மை.

கழிவறைப் பக்கம் வாளிச் சத்தம் கேட்டது. சத்தம் நிற்கும்வரை காத்திருந்த அண்ணன் மகள், என் கையில் இருந்த பாட்டிலைப் பிடுங்கி, ஸ்டோர் வாசலில் நின்று அண்ணாந்து, கடைசிச் சொட்டுவரை தண்ணீர் குடித்தாள்.